ஃபார்மேட் அடிக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான் வருகின்றன. "ஃபார்மேட் அடித்துப் புது ஓஎஸ் போடச் சொல்கிறார்கள், எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டு என் அப்பா எழுதிவைத்த தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களை 2003-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் டைப் அடித்து வைத்திருக்கிறேன். அப்பாவின் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. இப்போது பாடல்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. விண்டோஸ் 7 சிஸ்டம், ஆன் ஆவதற்கே கால் மணி நேரம் ஆகிறது. சர்வீஸ் தம்பி, "ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல போட்டுட்டு ஃபார்மேட் அடிச்சிடறேன்மா" என்கிறார். அது போதுமா?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: போதாது, டீச்சர். முதலில் அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, நீங்கள் சொல்லும்வரை சிஸ்டத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் பாடல்களில் பாதி ஃபைலில் இருக்கிறது, மீதிப் பாதி ஃபான்ட்டில் இருக்கிறது. ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மேட் அடித்தால் அந்த மீதி போய்விடும்.

ரிச்சி தெருவுக்கு சர்வீஸ் வேலைக்கு வருவதற்கு முன்னால் திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கும் வேலை, பார்த்தவள் நான். அந்தக் காலத் தமிழ் ஃபான்ட்டுகள் எப்படி வேலை செய்தன என்பதை வேலையிலேயே கற்றேன். ஒவ்வொரு ஃபான்ட் தயாரிப்பாளரும் ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தம் விருப்பப்படி தமிழ் எழுத்து வடிவங்களை உட்காரவைத்தார்கள். பாமினி என்ற ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசைதான். பாமினி ஃபான்ட் இருக்கும்வரை அது 'அம்மா'வாகத் தெரியும். ஃபான்ட் போனால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். ஒவ்வொரு தயாரிப்பாளரின் வரிசையும் தனி என்பதால் ஒரு ஃபான்ட்டில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010-இல், எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. அச்சுத் தொழிலோ அதன் பிறகும் பல ஆண்டுகள் பழைய ஃபான்ட்டுகளிலேயே ஓடியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் பாடல்கள் ஏதோ ஒரு பழைய ஃபான்ட்டில்தான் இருக்கின்றன, சந்தேகமே இல்லை.

பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றைத் திறந்து, ஒரு வரியை செலக்ட் செய்து, ஃபான்ட் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பு, பாடல், அடிக்குறிப்பு என்று மூன்றுக்கும் பாருங்கள். மூன்றும் வேறு வேறாக இருப்பது சகஜம். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அப்படியே காப்பி எடுங்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். மொத்தமும் சிறிய அளவுதான். "நெட்டில் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வேறு வேறு குறியீட்டோடு ஃபான்ட்டுகள் உலவுகின்றன. உங்கள் சிஸ்டத்தில் இருப்பதுதான் உங்கள் பாடல்களுக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற ஒரே ஃபான்ட்.

அடுத்து, பழைய சிஸ்டம் உயிரோடு இருக்கும்போதே எல்லா ஃபைலையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அப்போது ஃபான்ட்டையும் உள்ளே பதித்துச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த பிடிஎஃப்பை உங்கள் மகன் அல்லது மருமகளின் செல்போனில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால்தான் ஃபான்ட் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் சிஸ்டத்திலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, ஃபான்ட் அங்கேதானே இருக்கிறது. பிடிஎஃப் கைக்கு வந்ததும் ஒரு முறை லேசர் பிரிண்ட் எடுத்து பைண்டு செய்துவிடுங்கள். இத்தனை டிஸ்க்குகளைப் பார்த்த பிறகும் தாளின் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை.

பிடிஎஃப் கண்ணால் படிக்க உதவும். அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, திருத்த முடியாது. அதற்கு யூனிகோடாக மாற்ற வேண்டும். சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் பழைய குறியீடுகள் பலவற்றை யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு வரி வரியாகப் பிழை திருத்த வேண்டும். பழைய ஃபான்ட்டுகளில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று அடிப்போம். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பும் காலும். நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருந்தாலும் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிவிடும். வட்டார வழக்கில் உள்ள ஒப்பாரிச் சொற்களை எந்த மென்பொருளும் சரிபார்க்காது. அந்த ஊர்ப் பேச்சு காதில் ஒலிக்கிற நீங்கள்தான் பார்க்க முடியும். அந்த வேலைக்கு ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும், டீச்சர். அந்தப் பாட்டிகளின் குரலுக்கு வேறு சாட்சி இல்லை.

இன்னொன்று. உங்கள் விஷயத்தில் ஃபார்மேட்டே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி, அதில் புது ஓஎஸ் போடச் சொல்லுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே கழற்றி, பெயர் எழுதி, அலமாரியில் வையுங்கள். வேகமும் கூடும், பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்தும் அழியாது. எதையாவது எடுக்க மறந்திருந்தால் ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். இருபது வருட உழைப்பை ஒரு பென் டிரைவை நம்பி அழிக்கக் கூடாது.

*

கேள்வி: பாரிமுனையில் மொத்த ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடக் கணக்கு டாலியில் இருக்கிறது. கணக்கு எழுதும் பையன் ஊருக்குப் போயிருக்கிறான். சிஸ்டத்தில் வைரஸ் என்கிறார்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் டாலியை காப்பி எடுத்து வைத்தால் போதும்தானே?
— வாசகர், பாரிமுனை

பதில்: அண்ணாச்சி, டெஸ்க்டாப்பில் தெரிவது டாலியைத் திறப்பதற்கான வழி மட்டும்தான். அதை நூறு முறை காப்பி எடுத்தாலும் ஒரு பில்கூட வராது. கணக்கு வேறொரு ஃபோல்டரில், எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்களாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண். டாலிக்குள் போய்க் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே எந்த வழியில் இருக்கிறது என்று தெரியும். அதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாலியிலேயே பேக்கப் வசதி இருக்கிறது. அதையும் எடுங்கள், அந்த எண் ஃபோல்டர்களையும் தனியாக எடுங்கள். வருடத்துக்கு ஒரு கம்பெனியாகப் பிரித்து வைத்திருந்தால் பழைய வருடங்களையும் விடாமல் பாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடக் கணக்கை, அந்த வருடத்தின் ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 'பழசுதானே' என்று விட்டது நோட்டீஸ் வரும்போது தேவைப்படும்.

எடுத்த பேக்கப்பை உங்கள் ஆடிட்டர் அலுவலக சிஸ்டத்தில், ஒரு புது ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகப் போட்ட பில் எண்ணும் கடை சிஸ்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒத்துப்போகும்வரை ஃபார்மேட்டுக்கு சம்மதிக்காதீர்கள். பிறகு டாலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான், அதாவது அந்த சிஸ்டத்திலிருந்து விடுவித்துவிட்டுத்தான், ஃபார்மேட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ஓஎஸ்ஸில் லைசென்ஸை ஏற்றும்போது அலைய வேண்டி வரும். வைரஸ் இருப்பதால் காப்பி எடுக்கும்போது கணக்கையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள், மென்பொருள் எதையும் எடுக்க வேண்டாம். அந்த டிஸ்க்கை வேறு சிஸ்டத்தில் மாட்டியதும் முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள்.

நாளும் பார்த்து வையுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கைக்குக் கடைசித் தேதி 11, வரி கட்டும் 3பி அறிக்கைக்கு 20. அதனால் 20-ஆம் தேதி தாண்டிய பிறகு, பையன் ஊரிலிருந்து வந்த பிறகு செய்வதுதான் நல்லது.

*

கேள்வி: சி டிரைவை மட்டும்தானே ஃபார்மேட் அடிக்கிறார்கள், டி டிரைவில் இருக்கிறது போகாதுல்ல?
— வாசகர், பெரம்பூர்

பதில்: போகக் கூடாதுதான். ஆனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற பெயர்கள் வராது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, 2, 3 என்று எண்களும் அளவுகளும்தான் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால், அவசரத்தில் தப்பான வரியை அழித்துவிட முடியும். முன்கூட்டியே ஒவ்வொரு டிரைவின் அளவையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இன்ஸ்டால் தொடங்கும் முன் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும்.

டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் நீங்கள் மாற்றி வைக்காதவரை சி டிரைவில்தான் இருக்கின்றன. அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்களின் மெயில்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி ஃபைலும் அங்கேதான். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் போட்டிருந்தால் ஃபைலின் பக்கத்தில் மேகப் படம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மேகம் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. இறக்கிக்கொண்டுதான் காப்பி எடுக்க வேண்டும்.

*

கேள்வி: அக்கா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் சி-யை மட்டும் அழித்து நானே ஓஎஸ் போட்டேன். இப்போது டி-யைத் திறந்தால் பிட்லாக்கர் என்று ஒரு 48 இலக்க எண் கேட்கிறது. பிராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது.
— வாசகர், தாம்பரம்

பதில்: தம்பி, டி-யை எக்காரணம் கொண்டும் ஃபார்மேட் செய்யாதே. இப்போது வரும் பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். அது கேட்கும் 48 இலக்க எண்தான் சாவி, அது அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். லேப்டாப் வாங்கியபோது எந்த மெயில் ஐடியைக் கொடுத்தாய் என்று யோசித்துப் பார். அப்பாவின் ஐடியாகவும் இருக்கலாம், கடைக்காரர் புதிதாக உருவாக்கிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். செல்போனில் அந்தக் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று இருப்பதைப் பார். ஒன்றுக்கு மேல் இருந்தால், லேப்டாப் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடு. காலேஜ் மெயில் ஐடி என்றால் காலேஜ் கம்ப்யூட்டர் பிரிவில் கேள்.

சாவி எங்குமே இல்லை என்றால் அந்த டிஸ்க்கை எந்தக் கடையிலும் திறக்க முடியாது. "நான் உடைச்சுத் தர்றேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் போய்விடாதே. காப்பி எடுத்தால்கூடப் பூட்டிய நிலையில்தான் வரும். உன் பிராஜெக்ட்டின் பழைய பதிப்புகளை டீமில் உள்ளவர்களின் மெயிலிலும் கைடுக்கு அனுப்பியவற்றிலும் தேடத் தொடங்கு.

*

கேள்வி: என் லேப்டாப்பில் குடும்பப் படங்கள், குழந்தை பிறந்தபோது எடுத்தவை, என் மெடிக்கல் ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்கின்றன. கடையில் "கொடுத்துட்டுப் போங்க, பேக்கப் நாங்களே எடுத்துக்கறோம்" என்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தயங்குவது தப்பா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: தப்பே இல்லை அம்மா. உங்களைப் போலத் தயங்கிப் பிறகு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகும் பெண்களை என் பெஞ்சில் நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

கடையில் பேக்கப் எடுப்பது என்றால் உங்கள் படங்கள் முதலில் கடையின் டிஸ்க்குக்குப் போகும். புது ஓஎஸ் போட்ட பிறகு உங்கள் லேப்டாப்புக்குத் திரும்பி வரும். கடை டிஸ்க்கில் இருப்பதை யாரும் அழிக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை, வேலை நெருக்கடியே போதும். எனவே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வீட்டிலேயே நீங்களே காப்பி எடுங்கள். உங்களால் இது முடியும். பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக இழுத்துப் போடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். பேர் தெரியும், திறந்தால் வராது என்ற நிலையில் காப்பி ஆகியிருக்கலாம்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஃபோல்டரை காப்பி எடுத்தால் வராது. அவை அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று செல்போனில் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு லேப்டாப்பில் குரோம், மெயில் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். "பேக்கப் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். அது தொடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஏற்கெனவே கடையில் பேக்கப் எடுத்துவிட்டார்கள் என்றால், உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

கேள்வி: ஃபார்மேட் அடித்த பிறகுதான் கல்யாண வீடியோ ஃபோல்டர் ஞாபகம் வந்தது. திரும்ப எடுக்க முடியுமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: இந்த நிமிடமே சிஸ்டத்தை ஆஃப் செய்யுங்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி இன்ஸ்டால் செய்யாதீர்கள். அது எழுதும் இடம் உங்கள் வீடியோ இருந்த இடமாகவே இருக்கலாம்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்து, குவிக் ஃபார்மேட் அடித்திருந்தால் நம்பிக்கை உண்டு. அது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கிறது. மேலே புது ஓஎஸ் உட்கார்ந்த இடம் மட்டும் போயிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டி, இலவசமாகக் கிடைக்கும் போட்டோரெக் போன்ற ஒன்றை ஓட்டலாம். பெயர்கள் வராது, எண்களாக வரும், உட்கார்ந்து பிரிக்க வேண்டும். குவிக் அல்லாமல் முழு ஃபார்மேட் என்றால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. எஸ்எஸ்டி என்றாலும் பெரும்பாலும் கிடைக்காது. அழிந்த இடங்களை உடனே காலி செய்யச் சொல்லும் டிரிம் என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும். டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம், நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

எப்படியானாலும் வீடியோ எடுத்தவருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். சிலர் பழைய நிகழ்ச்சிகளின் டிஸ்க்குகளை வைத்திருப்பார்கள்.

*

கேள்வி: பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். பத்திரம்தானே?
— வாசகர், முடிச்சூர்

பதில்: முடிச்சூரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் உங்கள் பகுதியில் எங்கே ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நகரின் பல பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. சிஸ்டமும் பேக்கப்பும் ஒரே வீட்டில், ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்றை மேல் தட்டில், கேபிளோடு சேர்த்து ஜிப் பையில் வையுங்கள். இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ மச்சான் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதுசைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்து அதில் அந்த வருடத்துப் படங்களைச் சேருங்கள். பத்திரம், பட்டா, சான்றிதழ் ஸ்கேன்கள் சிறிய அளவுதான். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அவை அடங்கிவிடும், அங்கேயும் ஒரு பிரதி போடுங்கள்.

ஒருவேளை டிஸ்க் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், 'ஓடுதா பார்ப்போம்' என்று கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே சேறு காய்ந்து தட்டில் ஒட்டிவிட்டால் மீட்பது இன்னும் கஷ்டமாகிவிடும். ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தத் தேதியில் நனைந்தது, நல்ல தண்ணீரா சாக்கடைத் தண்ணீரா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். டிஸ்க்கைத் திறப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.